குலசேகரனின் ஆள்காட்டி விரல்

மனிதக் கழுத்துக்குள் ஓடும் நரம்பைத் தடவியே கண்டுபிடிக்கும் விரல் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அது மயக்க மருத்துவர் குலசேகரனின் ஆள்காட்டி விரல். கழுத்தில் போட்டுக் கையை மரத்துப்போகச் செய்யும் ஊசிக்காக, நரம்பைத் திரையில் காட்டும் ஸ்கேன் மெஷினை உருட்டி வந்த ஜூனியர் ஷர்மிளாவிடம், "ஏம்மா, டிவி பாக்காம உனக்கு ஊசி இறங்காதா?" என்றார்.

தோள் முறிந்து படுத்திருந்த பரோட்டா மாஸ்டர் அந்தோணிக்குக் கழுத்தென்று தனியாக எதுவும் இல்லை. குலசேகரனின் விரல் மேலே போயிற்று, கீழே வந்தது, மறுபடி மேலே போயிற்று. எங்கே அழுத்தினாலும் சதைதான். ஓரிடத்தில் மட்டும் ரத்தக்குழாய் துடித்தது.

"மாவு வீசுற கை சார், பாத்து," என்றார் அந்தோணி.

"ஷர்மிளா, நீ போய் டீ குடிச்சிட்டு வாம்மா."

கதவு சாத்தியதும் குலசேகரன் மெஷினை இழுத்து, ஜெல்லைப் பிதுக்கினார். சாம்பல் நிறத்தில் ஏதேதோ அசைந்த திரையை இருவரும் மூச்சடக்கிப் பார்த்தார்கள்.