கிக்கர் இல்லாத வண்டி

“என் வண்டியை எவன் எடுத்தது?”

கடலிலிருந்து திரும்பிய இருசப்பன் தன் பழைய யெஸ்டி பைக்கின் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது. மகனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

“நான் தொடலப்பா” என்றான் அஜித்.

“பொய் பேசாதடா. இதுக்குத் தனியா கிக்கர் கெடையாது. கியர் லீவரையே உள்ள அமுக்கிப் பின்னால திருப்பினாத்தான் கிக்கர். இந்த அரியாங்குப்பத்துல அது தெரிஞ்சது நம்ம ரெண்டு பேருக்குத்தான். வேற எவன் எடுப்பான்?”

ஓங்கிய கைக்குக் குறுக்கே வந்து நின்றாள் மனைவி சின்னப்பொண்ணு.

“நான்தான் எடுத்தேன். மார்க்கெட்டுக்கு மீன் கொண்டு போக.”

“மவனுக்காகப் பொய் சொல்லாதடி. பொம்பளைக்கு அடங்குற வண்டியா இது?”

“போன வருசம் நெஞ்சு வலியில மயங்கி விழுந்தியே, கோரிமேடு ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போன?”

“இதுலதான். அஜித் கூட்டிட்டுப் போனான்.”

“அவன் அன்னிக்குக் கடல்ல இருந்தான்யா. பொம்பளைக்குப் பின்னால நீ உக்காந்து போனது தெரிஞ்சா உன் கவுரவம் போயிடுமேன்னுதான் அவன் பேரைச் சொன்னேன். உன்னை என் முதுகோட சேத்து முந்தானையால கட்டிக்கிட்டு ஓட்டினது நான். இப்ப கையை எறக்கு.”