எண்பத்தாறு சதவீதம்

"அக்கா, வேணும்னா உங்க கால்லயே விழறேன். அஞ்சு மணிக்குள்ள எழுதிக் கொடுத்துடுங்க!"

மேற்பார்வையாளர் கெஞ்சியது கண்ணாடித் தடுப்பைத் தாண்டி எல்லோருக்கும் கேட்டது. மணி மூன்றரை.

லிஃப்ட் பழுது மையம் அது. எங்காவது லிஃப்ட் மக்கர் செய்தால், அங்கே போன மெக்கானிக் இங்கே போன் போடுவார். மேற்பார்வையாளரையும் சேர்த்து இங்கிருக்கும் ஏழு பேரில் ஒருவர் வழி சொல்வார்.

ஆறு மாதத்துக்கு முன்பு தலைமை அலுவலகம் ஒரு கம்ப்யூட்டர் திட்டத்தைக் கொண்டுவந்தது. பெயர், அறிவுக் களஞ்சியம். அவரவருக்குத் தெரிந்த பழுதுகளையும் தீர்வுகளையும் ஒன்று விடாமல் அதில் ஏற்றிவிட வேண்டும். ஆறு பேர் ஏற்றிவிட்டார்கள். ஏழாமவரான அக்கா மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை. சுவரிலிருந்த திரை எண்பத்தாறு சதவீதத்தைக் காட்டிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது.

பழைய மாடல் லிஃப்ட் எல்லாம் அக்கா ஒருவருக்குத்தான் அத்துப்படி. அதனால் அவர் பங்கை வேறு யாரும் எழுதவும் முடியாது.

"மாட்டேன் தம்பி. சும்மா நச்சரிக்காத."

"காரணமாவது சொல்லுங்களேன்."

"இஷ்டமில்ல. போதுமா?"

"பூட்டு!" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். ஆபீஸில் அக்காவுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் அது. அக்காவின் காதில் நன்றாகவே விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐந்து மணிக்குள் நூறு வராவிட்டால், யாரால் வரவில்லை என்று எழுதி அனுப்பும்படி தலைமை அலுவலகம் மேற்பார்வையாளரிடம் சொல்லியிருந்தது. எழுதாவிட்டால் அவர் தலை உருளும். வீட்டில் மனைவிக்கு எட்டாம் மாதம் நடக்கிறது.

கடைசி முயற்சியாக, பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த ஆராய்ச்சிப் பெண்ணை அக்காவிடம் அனுப்பினார். ஊழியர்கள் தங்களுக்குத் தெரிந்ததை ஏன் பிறரோடு பகிர்வதில்லை என்பதுதான் அந்தப் பெண்ணின் ஆராய்ச்சி.

"உங்களைத் தடுக்கிறது எது மேடம்? நேரமில்லாமையா, தயக்கமா, சுயநலமா?"

அக்கா அவள் நீட்டிய படிவத்தையும் பேனாவையும் வாங்கி, சுயநலம் என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கொடுத்தார்.

"இதை இதுவரைக்கும் யாருமே டிக் பண்ணதில்ல மேடம்" என்று அந்தப் பெண் கண்ணை விரித்தாள்.

அதற்குள் போன் அடித்தது. அக்காதான் எடுத்தார்.

"உள்ள ரெண்டு பேரா? ஒருத்தருக்கு மூச்சு வாங்குதா? பதறாத. மோட்டார் ரூமுக்கு ஓடு. முதல்ல மெயினை ஆஃப் பண்ணு. பண்ணிட்டியா? இப்போ பிரேக்கைக் கொஞ்சங்கொஞ்சமா விட்டு, சக்கரத்தைக் கையால சுத்து. இந்த மாடல்ல எதிர்ப்பக்கம் சுத்தணும், ஏமாந்துடாத."

ஒன்பது நிமிடம். ஆபீஸே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. இருவரும் வெளியே வந்துவிட்டார்கள் என்றதும் அக்கா போனை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

மேற்பார்வையாளருக்கு நிம்மதியைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. "போன்ல சொன்னதை அதுல எழுதினா கை தேஞ்சா போயிடும்?"

அக்கா அடுத்த போனை எடுத்தார்.

ஐந்து அடித்தது. மேற்பார்வையாளர் 'ஒத்துழைக்க மறுக்கிறார்' என்று அடித்து, அக்காவின் பெயரைப் போட்டு அனுப்பினார். பத்தே நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. இன்றே அக்காவுக்குக் கடைசி நாள்.

மேற்பார்வையாளர் அக்காவிடம் போய்ச் சொன்னார்.

"சரி தம்பி" என்றார் அக்கா. அவர் மேசை ஏற்கெனவே துடைத்து வைத்தது மாதிரி இருந்தது. இழுப்பறையிலிருந்து தடிமனான ஒரு நோட்டை எடுத்து மேற்பார்வையாளர் கையில் வைத்தார்.

பிரித்துப் பார்த்தார். பழைய மாடல் ஒவ்வொன்றுக்கும் படம் போட்டு, பழுதும் தீர்வுமாக இருநூறு பக்கம்.

"எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கீங்களே அக்கா!"

"ஆறு பேரும் படிச்சுக்குங்க. நாளைக்கே போன் வரும். களஞ்சியத்துல மட்டும் ஏத்திடாதீங்க."

"ஏன்?"

"அதுல என் பகுதியைத் திறந்து பாரு."

திறந்தார். காலியாக இருக்கும் என்று நினைத்த இடத்தில் ஒரே ஒரு கடிதம் இருந்தது.

"தலைமை ஆபீஸ்ல யாரோ இடம் மாத்தி ஏத்திட்டாங்க. என்னைத் தவிர அதை யாரும் திறக்கிறதில்ல. மூணு மாசமா அங்கதான் கிடக்கு."

மேற்பார்வையாளர் கடிதத்தைப் படித்தார். 'நூறு சதவீதம் நிறைவடைந்த மறுநாள் பழுது மையம் மூடப்படும். மெக்கானிக்குகள் களஞ்சியத்தையே நேரடியாகப் பயன்படுத்துவார்கள். ஏழு பணியிடங்களும் நீக்கப்படும்.'

"அன்னைக்கே எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா!"

"சொல்லியிருந்தா ஆளாளுக்கு ஏத்தினதை அழிச்சிருப்பீங்க. அதுக்காகவே ஏழு பேரையும் வெளிய அனுப்பியிருப்பாங்க."

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இப்போ ஒருத்திதானே தம்பி."