பன்னண்டு மணி அம்மா

“மாஸ்டர், ஒருத்தர் கார் ஓட்டக் கத்துக்க எத்தனை மாசம் ஆகும்?”

டிரைவிங் ஸ்கூல் முதலாளியம்மா கேட்ட தோரணையே சரியில்லை. மாஸ்டர் திருதிருவென்று விழித்தார்.

“அது ஆளைப் பொறுத்தது மேடம்.”

“பன்னண்டு மணி அம்மா சேர்ந்து ஏழு மாசம் ஆச்சு. அவங்களுக்கு அப்புறம் சேர்ந்தவங்க எல்லாம் கத்துக்கிட்டு, சொந்தக் கார் வாங்கி, அதை எங்கேயாவது இடிச்சும் முடிச்சுட்டாங்க. இவங்களை மட்டும் ஏன் இன்னும் டெஸ்டுக்கு அனுப்பல?”

“ரிவர்ஸ் சரியா வரல மேடம்.”

“வரலையா, நீங்க வர விடலையா? நம்ம கார் தினமும் ஏதாவது ஒரு சாப்பாட்டுக் கடை வாசல்ல நிக்குதாமே?”

“பார்க்கிங் பழக்கறேன் மேடம்.”

“முழுசா ஒரு மணி நேரமா?”

மாஸ்டர் தன் தொந்தியைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார்.

“இன்னிக்கே அவங்ககிட்ட டெஸ்ட் ஃபாரத்துல கையெழுத்து வாங்குங்க. இல்லன்னா, நீங்க பண்ற அழிச்சாட்டியத்தை நானே அந்தம்மாகிட்ட சொல்லிடுவேன்.”

முதலாளியம்மா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் மாஸ்டருக்கு வேதனை.

முதல் வாரமே ஆரம்பித்த வினை இது. நூடுல்ஸ் கடை வாசலில் அந்த அம்மா கிளட்சைச் சட்டென்று விட, வண்டி குலுங்கி நின்றது. விளக்கம் சொல்ல மாஸ்டர் வாயைத் திறந்தார். திறந்த வாய்க்கு நேராக ஒரு டப்பா நீண்டது. அவித்து இரண்டாக வெட்டிய முட்டை. மஞ்சள் கருவை வெண்ணெயும் மிளகும் போட்டுப் பிசைந்து திரும்ப நிரப்பியிருந்தார்.

“பத்து நிமிஷ வேலை மாஸ்டர். இதைக் கொறிச்சுட்டு, உள்ளே போய் ஒரு வாய் சாப்பிட்டுட்டுக் கிளம்புவோமா?”

கிளட்ச் விளக்கம் அத்தோடு போயிற்று. மறுநாள் வண்டி சூப் கடை வாசலில் நின்றது. டப்பாவில் வெள்ளரி வட்டங்கள், மேலே சீஸ். அதற்கும் மறுநாள் மீன் வறுவல் கடை. டப்பாவில் உருளைக்கிழங்கு உருண்டை. ஏழு மாதத்தில் அந்தப் பக்கத்துக் கடைகளில் எதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை.

உண்மையில் அந்த அம்மாவை மூன்றாவது மாதமே டெஸ்டுக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் டப்பாவும் கூடவே போய்விடுமே! அதனால் ரிவர்ஸ் போதாது என்று சொல்லிச் சொல்லியே, ரிவர்ஸைச் சொல்லித் தராமலே, மாஸ்டர் நாளை ஓட்டினார். ஒரு நல்ல மனுஷியை ஏமாற்றி வயிறு வளர்க்கிறோமே என்று மனசு குத்தும். அடுத்த உருண்டை வந்ததும் குத்தல் நின்றுவிடும்.

இன்றைக்கு நிற்கவில்லை.

ஒரு குறுகலான சந்துக்குள் இருந்த இட்டாலியன் கடையைத் தேடிப் போய், வழக்கம்போல் அதன் வாசலில் வண்டி அணைந்தது. டப்பா திறந்தது. தக்காளிக்குள் காளான் வைத்து வாட்டியிருந்தார்.

“வேண்டாம்மா,” என்றார் மாஸ்டர்.

அந்த அம்மா பதறிப்போனார். “என்ன மாஸ்டர், உடம்புக்கு முடியலையா?”

“மனசுக்கு முடியலம்மா. நீங்க எப்பவோ பாஸாகியிருப்பீங்க. இந்த டப்பாவுக்கு ஆசைப்பட்டு நான்தான் உங்களை இழுத்தடிச்சேன். ரிவர்ஸ் கூட வேணும்னேதான் சொல்லித் தரல. என்னைத் திட்டிடுங்க, பரவாயில்ல.”

அவர் திட்டுவதற்குள் எதிரே ஒரு சரக்கு லாரி சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்து ஹாரன் அடித்தது. லாரி பின்னால் போக வழியில்லை. இவர்கள்தான் போக வேண்டும்.

“ஐயய்யோ, ரிவர்ஸ்!” மாஸ்டருக்கு வேர்த்துவிட்டது. “இறங்குங்கம்மா, நான் எடுக்கறேன்!”

“இதைப் பிடிங்க,” என்று டப்பாவை மாஸ்டர் மடியில் வைத்தார் அந்த அம்மா. ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். கார் விர்ரென்று பின்னால் போனது. குப்பைத் தொட்டியை ஒதுக்கி, படுத்திருந்த நாயின் தூக்கம் கலையாமல் வளைந்து, மெயின் ரோட்டில் நின்ற இரண்டு வேன்களுக்கு நடுவே அளவெடுத்த மாதிரி போய் நின்றது. டப்பாவில் ஒரு தக்காளி கூட உருளவில்லை.

லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“அக்கா! நாப்பத்தேழாம் நம்பர் பஸ்ஸை ஓட்டின கையி, இந்தப் பொம்மை வண்டியில என்ன பண்ணுது?”

“ரிட்டயர் ஆயிட்டேன் தம்பி. நீ பாத்துப் போ!”

மாஸ்டர் மடியில் டப்பாவோடு அவர் பக்கம் திரும்பினார்.

“பஸ்... ஓட்டினீங்களா?”

“இருபத்தெட்டு வருஷம்.”

“அப்போ லைசன்ஸ்?”

“இருக்கான்னு நீங்க கேக்கல. நானும் சொல்லல.”

“பின்னே எதுக்கும்மா எங்க ஸ்கூல்ல சேர்ந்தீங்க?”

அந்த அம்மா ஒரு தக்காளியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“பஸ் ஓட்டின காலத்துல ஒரு நாள் கூட நான் மத்தியானச் சாப்பாட்டை உக்காந்து சாப்பிட்டதில்ல மாஸ்டர். இந்தக் கடை எல்லாத்தையும் ஜன்னல் வழியா மோந்து பாத்ததோட சரி. பன்னண்டு மணிக்கு சிக்னல்ல நிப்பேன். பக்கத்துல உங்க ஸ்கூல் கார் வந்து நிக்கும். ஓட்டறவங்க அலறுவாங்க. நீங்க ஒரு கையில ரொட்டியை வெச்சுக்கிட்டு, கடிக்கறதா பிரேக்கை மிதிக்கறதான்னு தவிப்பீங்க. பாதி நாள் அந்த ரொட்டி திரும்பப் பைக்குள்ளயே போயிடும்.”

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். கண் கலங்கியதை மறைக்கத் தக்காளியை முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

“ரிட்டயர் ஆன மறுநாளே வந்து அந்தப் பன்னண்டு மணி வகுப்பை நான் பிடிச்சுக்கிட்டேன், வேற யாராவது சேர்ந்து உங்களைத் திரும்பப் பட்டினி போட்டுடக் கூடாதுன்னு.”