இடது கையில் ஒரு வட்டம்

“பயப்படாதீங்கம்மா, படர்தாமரைதான். ஓரம் தடிச்சு, நடுவுல தெளிஞ்சு, வட்டமா இருக்கு பாருங்க” என்று மேகலாவின் இடது கையைத் திருப்பிக் காட்டினார் இலுப்பூர் டாக்டர்.

அம்மா திலகவதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்த மகள், இந்தக் கீரனூர் மாப்பிள்ளைக்கு மட்டும் போட்டோவைக்கூடப் பார்க்காமல் தலையாட்டியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். இந்த நேரத்திலா கையில் இப்படி வரவேண்டும்!

“வீட்ல வேற யாருக்காவது இருக்கா?”

“இல்லைங்க டாக்டர்.”

“அப்ப வெளியில யார்கிட்டயோ ஒட்டியிருக்கு. அவங்களும் மருந்து போடணும், இல்லாட்டி திரும்பத் திரும்ப வரும். மறைஞ்சிருச்சேன்னு பாதியில நிறுத்திறாதீங்க.”

மேகலா சுவரிலிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, மகள் காபித் தட்டை ஏந்தினால் கை தெரிந்துவிடுமே என்று திலகவதியே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“எடுத்துக்கங்க தம்பி.”

மாப்பிள்ளை முகிலன் தயங்கித் தயங்கி வலது கையை நீட்டினான். டம்ளரைப் பிடித்த அந்தக் கையில் ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து, ஒரு வட்டம்.

திலகவதி மகளைத் திரும்பிப் பார்த்தாள். மேகலா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

இவளுக்கு இடது கை, அவனுக்கு வலது கை. திலகவதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தட்டோடு இன்னும் கொஞ்சம் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“போகும்போது ஆயின்மெண்ட் தாரேன், வாங்கிட்டுப் போங்க தம்பி. ரெண்டு பேரும் சேந்து போட்டாத்தான் போகுமாம்!”