பாதியில் நின்ற கண்ணாடி

காரின் இடது பக்கக் கண்ணாடி பாதியில் மாட்டிக்கொண்டு, ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன் என்று நின்றது. வானமோ அண்டாவைக் கவிழ்க்கத் தயாராக இருந்தது.

"மோட்டாரோட மொத்தமா மாத்தச் சொல்லிட்டேன்!" என்று கத்தினாள் அக்கா. அவள் பேசினால் நாலு தெரு தள்ளித் தூங்குகிறவன்கூட எழுந்து உட்காருவான்.

அத்தானுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காரைச் சுற்றிச் சுற்றி நடந்தே தரையைப் பள்ளமாக்கிவிட்டார்.

"எதுக்கு வீண் வேலை? ஒரு பிளாஸ்டிக் பையை ஒட்டிட்டாப் போச்சு!"

"மழையில அந்தப் பக்கம் உட்காரப்போறது நான்!"

மெக்கானிக் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, "கதவைப் பிரிச்சாத்தான் தெரியும்" என்று தனக்குத்தானே முனகினார்.

"பிரிக்க வேண்டாம்ப்பா!" அத்தான் பாய்ந்து வந்து கதவை மறைத்தார். அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். ரிடையராகிச் சும்மா கிடக்கும் எனக்கு வேறென்ன வேண்டும்? நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

மெக்கானிக் கதவைப் பிரித்து, பழைய மோட்டாரை வெளியே எடுத்தார். "கண்ணாடியைத் தூக்குற கம்பி அறுந்ததுக்கு இதுதாம்மா காரணம். கண்ணாடி இடுக்கு வழியா உள்ள விழுந்திருக்கு."

அவர் உள்ளங்கையில், புளியங்கொட்டை அளவில் ஒரு காது மெஷின். காது மந்தமாகிவிட்டது என்று அத்தான் சொன்னதால், போன மாதம் அக்கா ஆசையாக வாங்கிக் கொடுத்து, மறுநாளே தொலைந்துபோன மெஷின்.

அக்கா கத்தவில்லை. கொசுவுக்குக்கூடக் கேட்காத குரலில், "நீங்கதானே போட்டீங்க?" என்றாள்.

"நான் எங்கடி போட்டேன்? அதுவா விழுந்திருக்கும்!" என்று பட்டென்று சொன்ன பிறகுதான் அத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.