பின்னால் வந்த சிவப்பு கார்

திருநாவலூர் கோயிலில் தாலி கட்டிய கையோடு கோகிலவாணியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிய தமிழழகனின் பைக், கரியாலூர் மலை வளைவில் புகை கக்கி நின்றுவிட்டது. கீழே, ஒரு சின்ன சிவப்பு கார் சீறிக்கொண்டு ஏறி வந்தது.

கோகிலவாணி எட்டிப் பார்த்தாள். "ஐயோ, எங்க அண்ணன்! உயிரோட விடமாட்டான்."

"பழைய வண்டிதான வாணி, இவ்ளோ மேல வரைக்கும் ஏறாது."

"பத்து வருஷமா ஒருநாள்கூட நடுவழியில நின்னதில்ல. என்னையே அதத் தொட விடமாட்டான், அப்படிப் பாத்துக்குவான்."

கார் அருகில் வந்து நின்றது. அண்ணன் சிவசங்கர் இறங்கினான். அவள் மஞ்சள் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா ஆளுங்களோட பின்னால வந்துகினு இருக்காரு," என்ற சிவசங்கர், சாவியைத் தமிழழகன் கையில் திணித்தான்.

"இந்த ஓட்டை பைக்க நம்பியா என் தங்கச்சிய இட்டுகினு வந்த? கார எடுத்துகினு போ. ஆயில மட்டும் நேரத்துக்கு மாத்திடு, மாப்ள."