சுவரில் சிரிக்கும் பட்டதாரி

பாத்திரக்கடைக்காரர் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, கால் இரண்டையும் நாற்காலியின் மேல் தூக்கி வைத்துக்கொண்டார். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் அது. முன்னால் வந்திருந்த குடும்பத்தின் குழந்தை வரவேற்பறை நடுவில் வாந்தி எடுத்துவிட்டுப் போயிருந்தது. துப்புரவுக்காரன் வாளியும் மாப்புமாக வந்து துடைத்துக்கொண்டிருந்தான்.

"சீ! இந்த நாத்தத்துல எவ்வளவு நேரம்மா உக்காந்திருக்கிறது?" என்றார் மகளிடம்.

பத்தாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை அவள் வாங்கிய அசல் சான்றிதழ்கள் அத்தனையும் மடியிலிருந்த நீல ஃபைலில் இருந்தன. அதை உள்ளே கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் வெளிநாட்டுக் கல்லூரியில் இடம் உறுதி என்று சொல்லியிருந்தார்கள்.

பாத்திரக்கடைக்காரர் அந்த நிறுவனம் கொடுத்த வழவழ கையேட்டைப் பிரித்தார். வெளிநாடு போகும் மாணவர்களுக்கு நாற்பது யோசனைகள். வாந்தி நாற்றத்தை மறக்க வாய்விட்டே படித்தார்.

"கம்பளி உள்ளாடை ரெண்டு செட். மாத்திரை கொண்டு போனா டாக்டர் சீட்டு கட்டாயம். அந்த ஊர் பிளக்குக்கு ஏத்த அடாப்டர். பாத்தியா, ஒண்ணு விடாம போட்டிருக்காங்க!"

"ஒண்ணு விட்டுட்டாங்க சார்" என்று தரையிலிருந்து குரல் வந்தது.

துப்புரவுக்காரன்தான். முகக்கவசம் கண்ணுக்குக் கீழே எல்லாவற்றையும் மூடியிருந்தது.

"ஒரிஜினல் சர்டிபிகேட்டை யார் கையிலயும் குடுக்கக்கூடாது. காப்பி போதும். காலேஜுக்கு நீங்களே நேரா மெயில் போட்டு, இடம் நிஜமாவே இருக்கான்னு கேளுங்க."

பாத்திரக்கடைக்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது. கடைக்கு வரும் சரக்கைக் கவிழ்த்து அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்தே நல்லது கெட்டது சொல்பவர் அவர். முப்பது வருஷத்தில் ஒருத்தன்கூட அவர் தலையில் ஓட்டைப் பாத்திரத்தைக் கட்டியதில்லை. அவருக்குப் போய் வாந்தி துடைப்பவன் வகுப்பெடுக்கிறான்!

"நீ உன் வேலையைப் பாருப்பா. கிட்ட வராதே, நாறுது."

அவன் நகர்ந்தான். நகரும்போது ஈரக் கையுறை ஃபைலின் ஓரத்தில் பட்டுவிட்டது. பாத்திரக்கடைக்காரர் வெடுக்கென்று பிடுங்கி, கைக்குட்டையால் மூன்று முறை துடைத்தார். பிறகு அந்தக் கைக்குட்டையைத் திரும்ப மூக்கில் வைக்கவும் பிடிக்காமல், எறியவும் மனசில்லாமல், இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மொகரையைப் பாரு" என்று முணுமுணுத்தவர் சட்டென்று முகம் மலர்ந்தார். எதிர்ச் சுவரில், ஆளுயரப் படத்தில், பட்டமளிப்பு அங்கியும் தொப்பியுமாக ஓர் இளைஞன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். "அந்தத் தம்பியைப் பாரும்மா. இவங்க அனுப்பி வச்ச பையனாம். என்ன களை! பெத்தவங்களுக்கு வயிறு குளுந்திருக்கும்."

துப்புரவுக்காரன் படத்துக்குக் கீழே மாப்பை ஓட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னான். "அந்த அங்கி தொளதொளன்னு இருக்கும் சார். பின்னாடி நாலு கிளிப் போட்டு இழுத்துப் பிடிச்சிருக்காங்க. எல்லாருக்கும் அதே அங்கிதான். ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே உள் ரூம்ல நிக்க வச்சு எடுத்துருவாங்க."

வேலை நேரத்தில் கதவிடுக்கில் எட்டிப் பார்க்கிற புத்தி வேறா! பாத்திரக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மகளோ குனிந்து கேட்டாள். "சர்டிபிகேட்டைக் குடுத்தா திருப்பித் தர மாட்டாங்களாண்ணா?"

"அங்க போனா காலேஜ்னு ஒரு கடைக்கு மேல ரெண்டு ரூம் இருக்கும்மா. ஆறு மாசத்துல அதையும் பூட்டிருவாங்க. இங்க வந்து சர்டிபிகேட்டைக் கேட்டா, ஃபைல் அந்தக் காலேஜுக்குப் போயிருச்சுன்னு கையை விரிப்பாங்க. கையில ஒரு காகிதமும் இல்லாம, எட்டாவது பாஸ்னு சொன்னாக்கூட எவனும் நம்ப மாட்டான்."

மகளின் விரல்கள் ஃபைலைத் தேடின. அது அப்பாவின் கையில் இருந்தது.

உள்ளறைக் கதவு திறந்தது. ஆலோசகர் அம்மாள் வாசனையோடு எட்டிப் பார்த்தாள். "வாங்க சார். ஒரிஜினல் எல்லாம் இருக்குல்ல?" பக்கத்தில் நின்ற துப்புரவுக்காரன் இருக்கிற திசைக்கே அவள் கண் போகவில்லை. "அந்த வாளியை ஓரமா வை" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பாத்திரக்கடைக்காரர் எழுந்தார். துப்புரவுக்காரன் கதவுக்குக் குறுக்கே மாப்பை நீட்டினான்.

"வேணாம் சார். சொன்னாக் கேளுங்க."

அவ்வளவுதான். அடக்கி வைத்திருந்த அருவருப்பெல்லாம் பொங்கி வந்தது. "தள்ளுடா! உன் மேல பட்டா நான் வீட்டுக்குப் போய்க் குளிக்கணும். அதோ, அந்தப் படத்துல நிக்கிற தம்பி மாதிரி என் பொண்ணு நிக்கணும்னு கூட்டிட்டு வந்திருக்கேன். உன் பேச்சைக் கேட்டா, உன்னை மாதிரி மாப்பும் கையுமாத்தான் நிக்கணும். அந்தத் தம்பி எங்கே, நீ எங்கே!"

துப்புரவுக்காரன் கையுறையைக் கழற்றினான். முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டு, சுவரிலிருந்த படத்தின் பக்கத்தில் போய் நின்றான்.

மகள் படத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அப்பாவின் கையிலிருந்த ஃபைலைப் பிடித்து இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ரெண்டும் நான்தான் சார்."